காற்றுக் குடிக்கும் மீன்

விரால் மூச்சு வாங்கும் சத்தத்தைக் கேட்டவர்கள் அதிகம் இருக்கமாட்டார்கள். சந்தையில் அலுமினியப் பாத்திரத்தில் அது புரளும்போது கேட்பது வேறு சத்தம். அது வாலால் தண்ணீரை அடிப்பது. நான் சொல்வது, அசையாமல் கிடக்கும் தொட்டித் தண்ணீரின் அடியிலிருந்து கறுப்பாக ஒன்று மெல்ல எழும்பி, வாயின் நுனியை மட்டும் வெளியே நீட்டி, ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டு வந்த வழியே இறங்கிப் போகும்போது எழுகிற சத்தம். வெற்றிலை போட்டவர் உதட்டை ஒட்டிப் பிரித்ததுபோல 'ப்ளக்' என்று கேட்கும். பின்னாலேயே சில குமிழிகள் வரும். திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் சாலையை ஒட்டிய தெருவில் அக்கா வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லை அடுத்து, அப்படியொரு சிமெண்டுத் தொட்டி இருந்தது. நான் அந்த வீட்டில் தங்கியிருந்த காலத்தில் காலையில் காதில் விழும் முதல் சத்தம் அதுதான். நான் தொட்டிக்கரையில் நின்று பல் தேய்ப்பேன். பாப்பாவும் பக்கத்தில் நிற்பாள். மீன் மேலே வந்து வாயைத் திறக்கும்போது அவளும் நுரையோடு வாயைத் திறப்பாள்.

பாப்பா என் அக்காவின் மகள். அவளுக்கு நல்ல பெயரொன்று தேடி வைத்திருந்தார்கள். அது பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் புழங்கியது. நான் அப்போதுதான் ஸ்ரீசிட்டியில் கைப்பேசி பாகங்கள் பூட்டும் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கம்பெனி பஸ் திருப்பதியிலிருந்து கிளம்பும் என்பதால் அக்கா வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். மாமாவுக்குச் சூளூர்பேட்டையில் மின்சார ஆபீஸில் வேலை. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் ரயிலேறி வருவார். மற்ற நாட்களில் அந்த வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள், தொட்டியில் ஒரு ஜோடி விரால்.

அக்கா கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். நகரியில் எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. படித்து வெளியே போன முதல் ஆள் அவள்தான். அவளை டாக்டருக்குப் படிக்கவைக்க வேண்டுமென்பது நைனாவின் ஆசை. அவள் விராலைப் பற்றி ஆராய்ச்சி செய்து முனைவர் பட்டம் வாங்கியபோது, "எம் பொண்ணும் டாக்டர்தான், மீனுக்கு" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் பெருமைதான் அதிகம். அக்கா அதைக் கேட்டு, "மீனுக்கு வைத்தியம் பாக்க யாருக்கு நைனா தெரியும்? நான் சும்மா அது இன்னா பண்ணுதுன்னு பாத்துக்கினு இருந்தேன், அவ்ளோதான்" என்றாள்.

உண்மையில் அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏரி. மழைக்காலத்தில் அதன் ஓரத்தில் கோரையும் ஆம்பலும் மண்டிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்க் கரையில் குடை பிடித்து உட்கார்ந்திருப்பாள். அவள் திருமணத்துக்கு முன்னால் துணைக்கு நான் போயிருக்கிறேன். ஆணும் பெண்ணும் சேர்ந்து புல்லை வாயால் கடித்து விலக்கித் தட்டு அகலத்துக்கு ஓர் இடத்தைச் சுத்தம் செய்யும். அங்கே தேன் நிற முட்டைகள் எண்ணெய்ச் சொட்டுகள்போல மிதக்கும். குஞ்சு பொரித்ததும் அத்தனையும் செக்கச்செவேலென்று ஒரே பந்தாகத் திரண்டு தண்ணீர் மட்டத்தில் கொதிப்பதுபோல் துள்ளிக்கொண்டிருக்கும். அந்தச் செம்மைக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் தாயும் தகப்பனும் நிற்கும். பாம்பு வந்தாலும் கொக்கு வந்தாலும் மேலே பாயும். குஞ்சுகள் நிறம் மாறிக் கறுத்துத் தனித்தனியே பிரியும்வரை அவை அந்த இடத்தைவிட்டுப் போவதில்லை.

தூண்டில்காரர்களுக்கும் அது தெரியும். செம்பந்தின் நடுவே தவளையைக் கோத்த முள்ளைப் போட்டு ஆட்டுவார்கள். குஞ்சுக்கு ஆபத்து என்று தாய் பாய்ந்து கவ்வும். ஒருமுறை அக்கா பொறுக்கமாட்டாமல் எழுந்து போய், "அண்ணா, குஞ்சோட இருக்கச்சொல்ல மட்டும் புடிக்காதீங்கண்ணா" என்று கேட்டாள். அந்த மனிதர் கோபப்படவில்லை. "அப்பத்தாம்மா அது சிக்கும். மத்த நாள்ல அது நம்மளவிட புத்திசாலி" என்றார்.

அவள் ஆராய்ந்தது குஞ்சு காப்பதை அல்ல, மூச்சை. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள், செவுளுக்கு மேலே, ரத்தக்குழாய்கள் படர்ந்த சிறிய அறை இருக்கிறது. காற்றை விழுங்கி அங்கே வைத்துக்கொள்ளும். ஏரி வற்றினால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சந்தைக்காரர்கள் கையளவு தண்ணீரில் நாள் முழுக்க உயிரோடு வைத்து விற்பதும் அதனால்தான். ஆனால் மேலே வரவிடாமல் வலையைப் போட்டுத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் அது மூச்சுமுட்டிச் செத்துவிடும். "தண்ணியிலே மூழ்கிச் சாவற மீன்" என்று வகுப்பில் சொல்வாளாம். பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறந்த குஞ்சுக்கு இந்த அறை கிடையாது, செவுளால்தான் சமாளிக்கும். சில வாரங்கள் கழித்துத்தான் முதல்முறையாக மேலே வந்து காற்றை விழுங்கும். அந்த முதல் மிடறைப் பார்ப்பதற்காகக் கண்ணாடித் தொட்டியின் முன்னால் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்த கதையை அக்கா பலமுறை சொல்லியிருக்கிறாள்.

பாப்பாவுக்கு மூன்று வயதில் இழுப்பு தொடங்கியது. முதலில் சளி என்றார்கள். பிறகு வீசிங் என்றார்கள். பிறகு அதன் முழுப்பெயரைச் சொல்லி, பயப்பட வேண்டாம், மருந்தை மட்டும் விடக்கூடாது என்றார் குழந்தை மருத்துவர். வாயில் வைத்து அடித்து மூச்சோடு இழுக்கும் மருந்துப் பம்ப் இரண்டு கொடுத்திருந்தார். ஒன்று, நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் எடுத்து வாய் கொப்பளிக்க வேண்டியது. இன்னொன்று, இழுப்பு வந்தால் எடுப்பது. அக்கா அதில் ஒருநாளும் தவறியதில்லை. ஆனாலும் மலையடிவாரத்துப் பனிக்கு முன்னால் எதுவும் நிற்கவில்லை. கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டில் சிரிப்பு குறைந்துவிடும். பாப்பா தோளை உயர்த்தி, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிய, விசில் சத்தத்தோடு மூச்சை இழுப்பாள். அக்கா அவளை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருப்பாள். எத்தனையோ மீன்களின் மூச்சைக் கணக்கெடுத்தவள், தன் குழந்தையின் மூச்சைக் கேட்டுக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மீன் மருந்து பற்றிய பேச்சை எடுத்தது மாமா. ஜூன் தொடக்கத்தில், மிருகசிர கார்த்தி பிறக்கும் நாளில், உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மஞ்சள் நிற மருந்தை அடைத்து அப்படியே விழுங்கவைப்பார்கள். தெலுங்கு தேசத்தில் இதைக் கேள்விப்படாதவர்கள் இல்லை. சித்தூருக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பிலும் ஒரு குடும்பத்தார் கொடுக்கிறார்கள் என்று மாமா விசாரித்துக்கொண்டு வந்திருந்தார்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பையனுக்குச் சுத்தமா நின்னுபோச்சு. வருசா வருசம் குடுத்தாங்களாம்."

"வயசு ஏற ஏறச் சில பசங்களுக்குத் தானா நிக்கும். மீனாலதான்னு எப்பிடிச் சொல்லுவீங்க?"

"நஷ்டம் இன்னா? குடுத்துப் பாப்போமே."

அக்கா சிரித்தாள். "குஞ்சு வயித்துக்குள்ள போனா இன்னா ஆவும் தெரியுமா? கொஞ்ச நேரம் துள்ளும். அப்புறம் செத்துடும். கொழம்புல போட்ட மீனு மாதிரி செரிச்சிப்பூடும். என் மீன வச்சி எனக்கே வைத்தியமா?" மாமா பேச்சை அதோடு விட்டுவிட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே கிடையாது.

அந்தப் பனிக்காலம் மிகவும் மோசமாகப் போனது. தேறி வீட்டுக்கு வருவதும் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடுவதுமாக மாதங்கள் கழிந்தன. ஒரு நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில், முகத்தில் மருந்துப் புகை வரும் மாஸ்க்கோடு படுத்திருந்த பாப்பா அக்காவைக் கிட்டே கூப்பிட்டாள். மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கி, "அம்மா, உன் மூச்சுல கொஞ்சம் குடேன்" என்றாள். தட்டிலிருப்பதைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள். அக்கா குனிந்து அவள் வாய்க்கு நேராக மெல்ல ஊதினாள். பாப்பா கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கிக்கொண்டாள். பிறகு அக்கா எழுந்து வராந்தாவுக்கு வந்து, சுவரைப் பார்த்தபடி மாமாவிடம், "ஜூன்ல போலாம்" என்றாள்.

போனோம். மாம்பழக் காலம். மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும் டிராக்டர்களும் லாரிகளும் சாலை நெடுக நின்றன. காற்றே புளித்து இனித்தது. தோப்புக்குள் மூங்கில் தடுப்புக்கு நடுவே நீண்ட வரிசை. எல்லார் கையிலும் தண்ணீர் நிரப்பிய பாலிதீன் பை. ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஒரு குஞ்சு விரால். அக்கா எங்கள் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பழக்கம் விடவில்லை. "பக்கத்துல ஆரஞ்சுக் கோடு இன்னும் அழியல பாரு. இப்பத்தான் காத்து குடிக்கக் கத்துக்கிட்டிருக்கும்" என்று என்னிடம் சொன்னாள். சொன்ன மாதிரியே அது பையின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்துவிட்டு இறங்கியது.

எங்கள் முறை வந்தபோது பாப்பா மிரண்டுவிட்டாள். முன்னால் நின்ற பையனின் மூக்கைப் பிடித்து வாயைப் பிளந்து விழுங்கவைத்ததை அவள் பார்த்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மாமாவின் காலைக் கட்டிக்கொண்டாள். அழுகை ஏற ஏற இழுப்பும் சேர்ந்துகொண்டது. மருந்து கொடுப்பவர் தெலுங்கில், மூக்கைப் பிடியுங்கள், சீக்கிரம், பின்னால் ஜனம் நிற்கிறது என்றார். மாமா கையைத் தூக்கினார், அவருக்கு மனம் வரவில்லை. அப்போது அக்கா அவளுக்கு முன்னால் மண்ணில் குந்தி உட்கார்ந்தாள்.

"பாப்பா, இங்க பாரு. இது மத்த மீனு மாதிரி இல்ல. நம்ம தொட்டில இருக்குதே, அந்த ஜாதி. மேல வந்து காத்து குடிக்குதில்ல? இது உன் நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துக்கும். உனக்கு எப்ப மூச்சு வரலியோ, அப்ப இது உனக்காகக் காத்து இழுத்துக் குடுக்கும். அது உன்னப் பாத்துக்கும். வாயத் தொற கண்ணு."

வகுப்பில் பாடம் நடத்தும் அதே நிதானமான குரல். பாப்பா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அம்மாவுக்கு மீனைப் பற்றி எல்லாம் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தாள். ஒரே விழுங்கு.

திரும்பி வரும்போது காரில், "அதுக்குப் பசிக்குமாம்மா?" என்று கேட்டாள். "நீ துன்னறத அதுவும் துன்னும்" என்றாள் அக்கா. மாமா முன்சீட்டில் சத்தமில்லாமல் சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு நாங்கள் எல்லோரும் லேசாக இருந்த மாலை அது.

அதற்கடுத்த மாதங்கள் நன்றாகப் போயின. காற்றில் பனியில்லாத காலம். பம்ப்பும் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது என்றுதான் நினைத்தோம். பாப்பா பள்ளிக்கூடத்தில் ஓடிப் பிடித்து விளையாடினாள். மீனுக்கு நீந்த இடம் வேண்டும் என்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். மீன்குழம்பைத் தொடமாட்டாள்; உள்ளே இருப்பது வருத்தப்படுமாம். நான் வேலையிலிருந்து வந்து சத்தமாகப் பேசினால் நெஞ்சில் கை வைத்து, "மெதுவா பேசு சித்தி, அது தூங்குது" என்பாள். காலையில் தொட்டிக்கரையில் நின்று மீன் மேலே வரும்போதெல்லாம் தானும் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, "நம்மளுது உள்ள, அதுங்களுது வெளிய" என்று சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் சிரித்தோம். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை மடியில் வைத்து நெஞ்சில் காதை வைத்துக் கேட்டு, "ஆமா, நீந்துது" என்பார். பம்ப் எடுத்தால் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பதால் அதையும் தொட்டிக்கரையிலேயே எடுத்துக்கொள்வாள். பெரியவள்போல, நானே அடிச்சிக்கிறேன் என்பாள். 'புஸ்' என்ற சத்தம் சமையலறைவரை கேட்கும். அக்கா உள்ளிருந்தே, "கொப்பளிச்சியா?" என்று கேட்பாள். "கொப்பளிச்சேம்மா" என்று பதில் வரும்.

தீபாவளி கழிந்து, கடலில் புயல் சின்னம் என்று நாள்கணக்கில் தூறிக்கொண்டிருந்த சமயம். நான் தொழிற்சாலையில் இருந்தேன். உள்ளே போன் வைத்துக்கொள்ளக் கூடாது. சூப்பர்வைசர் என் இடத்துக்கே வந்து, வீட்டிலிருந்து போன் என்றார். அவர் முகம் சரியாக இல்லை. நான் கேட்டது அக்காவின் குரலைத்தான். அதில் நடுக்கமே இல்லை. "பாப்பா போயிட்டா. ஸ்கூல்ல மூச்சு வாங்கிச்சாம். ஆஸ்பத்திரிக்கு வந்துக்கினே இருக்கச்சொல்ல வழியிலயே போயிட்டா. மாமாகிட்ட என்னால சொல்ல முடியாது. நீ கூட்டிக்கினு வா."

கார் ஏற்பாடு செய்து, சூளூர்பேட்டையில் ஆபீஸ் வாசலில் குடையில்லாமல் நனைந்து நின்றிருந்த மாமாவை ஏற்றிக்கொண்டேன். ரொம்ப முடியலையாம் என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன். அவர் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தார். இந்த முறை சென்னைக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிடலாம், தனக்கு மாற்றல் கேட்டு எழுதிவிடலாம், வீட்டை மலைப்பக்கத்திலிருந்து மாற்றிவிடலாம். நான் சரி சரி என்றேன். காளஹஸ்தி தாண்டும்போது திடீரென்று பேச்சை நிறுத்தி, "நீ ஏம்மா என் முகத்தயே பாக்க மாட்டேன்ற?" என்றார். நான் பார்த்தேன். அதற்குமேல் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கி, முகத்தை மழையில் நீட்டிக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை அப்படியேதான் வந்தார்.

பாப்பாவை நகரிக்குக் கொண்டுபோனோம். எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்று நான் பார்த்ததில்லை. பண்டிகையில்கூட எங்கோ ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அன்று ஒன்றும் ஓடவில்லை. நைனா மட்டும் நிறுத்திக் கிடந்த தறியின்மேல் கையை வைத்தபடி நெடுநேரம் நின்றார்.

பள்ளிப்பையைப் பிறகுதான் திறந்தோம். இழுப்பு வந்தால் எடுக்கவேண்டிய பம்ப், வாங்கிய அட்டைப்பெட்டியோடு அப்படியே இருந்தது. ஒட்டியிருந்த முனைகூடப் பிரியவில்லை. பள்ளிக்கூடத்தில் மூச்சுத் திணறியபோது ஆசிரியை அதைப் பெட்டியோடு எடுத்து நீட்டியதாகவும், பாப்பா தலையை ஆட்டி வாயைக் கையால் மூடிக்கொண்டதாகவும் சொன்னார்கள். பயத்தில் செய்திருப்பாள் என்று எல்லோரும் நினைத்தோம்.

திருப்பதிக்குத் திரும்பிய பிறகு, அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த குழந்தையை அதன் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். அதுவும் தமிழ் வீட்டுக் குழந்தைதான். குழந்தை கொஞ்ச நேரம் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தது. பிறகு அக்காவிடம், "ஆன்ட்டி, அந்த மீனு இப்ப இன்னா ஆயிருக்கும்?" என்று கேட்டது.

"எந்த மீனும்மா?"

"பாப்பாக்குள்ள இருந்திச்சே. அதுக்கு மருந்து பட்டா செத்துடும்னு அவ பம்ப் அடிக்கவே மாட்டா. வீட்ல தண்ணித்தொட்டிகிட்ட நின்னு, வாயில வக்காம மேல காத்துல அடிச்சிடுவேன்னா. யாருக்கும் சொல்லாதன்னா."

அந்தத் தாய் எழுந்து குழந்தையின் வாயைப் பொத்தப் போனார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். குழந்தையைப் பக்கத்தில் இழுத்து, அதன் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். "அந்த மீனு அன்னிக்கே செத்துப்போச்சுமா. முழுங்கின அன்னிக்கே" என்றாள்.

குழந்தை யோசித்தது. "அப்ப பாப்பாகிட்ட யாரும் சொல்லலியா?"

அவர்கள் போன பிறகு அக்கா பின்பக்கம் போய்த் தொட்டிக்கரையில் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். என்ன செய்துகொள்வாளோ என்ற பயம். அவள் அழவில்லை. மீன் எழும்பி வந்து காற்றை விழுங்கியது. அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நாள் மாமா அந்த ஜோடியை வாளியில் எடுத்துப்போய்ப் புத்தலப்பட்டு ஏரியில் விட்டுவிட்டு வந்தார். தொட்டித் தண்ணீரை வடித்துவிட்டார்.

அந்த வீட்டில் அதன்பின் நடந்ததை எழுதுவது கஷ்டம். சண்டை இருந்திருந்தால்கூட எழுதியிருக்கலாம். மாமா, நான்தானே கூட்டிக்கொண்டு போனேன் என்பார். அக்கா, நான்தானே கதை சொன்னேன் என்பாள். பழியைப் பங்குபோட்டுக்கொள்ளக்கூட இருவருக்கும் மனம் வரவில்லை. முழுசாகத் தனக்கே வேண்டும் என்று ஆளுக்கொரு மூலையில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மாமா அன்று காரில் சொன்ன மாற்றல், எல்லாம் முடிந்த பிறகு வந்தது. இப்போது திருப்பதியிலேயே இருக்கிறார். தினமும் மாலையில் வீட்டுக்கு வருகிறார். எனக்குக் கல்யாணமாகி நான் சித்தூருக்கு வந்துவிட்டேன். போகும்போதெல்லாம் பார்க்கிறேன்: சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஒருவர் தட்டில் ஒருவர் பரிமாறுகிறார்கள், கண்ணைப் பார்ப்பதில்லை.

மீன்களின் சுவாசம் பாடத்தில் வருகிறது. அதை நடத்தாமல் தப்ப முடியாது. முதல் வருடம் அக்கா கரும்பலகையில் விராலின் தலையை வரைந்து, அந்த அறையை நீலச் சுண்ணத்தால் தீட்டிக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டதாம். அவளோடு வேலை பார்ப்பவர் என்னிடம் சொன்னார். பிள்ளைகள் அவளுக்கு மயக்கம் வருகிறதோ என்று எழுந்துவிட்டார்கள். அவள் திரும்பி, "இது தனக்காகத்தான் மூச்சு விடுது. வேற யாருக்காகவும் இல்ல. எழுதிக்கோங்க" என்றாளாம். பிள்ளைகள் அதையும் பாடத்தின் ஒரு வரி என்று எழுதிக்கொண்டார்கள்.

சில வருடங்களாக, மிருகசிர கார்த்தி அன்று அக்கா அந்த மாந்தோப்புக்குப் போகிறாள். எனக்குத் தெரியாது. போன ஜூனில்தான் தெரிந்தது. அந்தப் பக்கம் ஒரு சாவுக்குப் போய்த் திரும்பும்போது, சாலையோரத்தில் மாமாவின் காரைப் பார்த்தேன். மாமா உள்ளே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தோப்பைப் பார்க்காமல், சாலையின் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்கக்கா உள்ள இருக்கா. நான் எறங்க மாட்டேன்" என்றார்.

உள்ளே போனேன். அதே மூங்கில் தடுப்பு, அதே பாலிதீன் பைகள். அக்கா வரிசையின் ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். பெரியவர்களிடம் அல்ல, குழந்தைகளிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குழந்தையின் முன்னாலும் மண்ணில் குந்தி உட்கார்ந்து, தெலுங்குக் குழந்தையென்றால் தெலுங்கிலும் தமிழ்க் குழந்தையென்றால் தமிழிலும் ஒன்றையே சொன்னாள். சிலர் அவளை மருந்து கொடுக்கும் வீட்டு ஆள் என்று நினைத்துக் கும்பிட்டார்கள். சிலர் விரட்டினார்கள். அவள் அடுத்த குழந்தைக்கு நகர்ந்தாள். முழங்காலிலும் புடவையிலும் செம்மண்.

நான் கிட்டே போனபோது ஆறேழு வயதுப் பையன் ஒருவன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவன் அம்மா நகரிப் பக்கத்துப் பெண் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"ராஜா, இந்த மீனு உள்ள போன கொஞ்ச நேரத்துல செத்துடும். உனக்காக அது மூச்சு வுடாது. நீதான் வுடணும். டாக்டர் குடுத்த பம்ப்ப அடிச்சா அதுக்கு ஒண்ணும் ஆவாது. கஷ்டமா இருந்தா ஒடனே அடிக்கணும். யார்கிட்டயும் மறைக்கக் கூடாது. சொல்லு பாக்கலாம்."

பையன் விழித்தான். அவன் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா கொழந்தகிட்ட வந்து சாவப் பத்திப் பேசறீங்களே. நம்பிக்க இல்லன்னா நீங்க இன்னாத்துக்கு இங்க வந்தீங்க?"

"வரிசைய வுட்டுப் போவச் சொல்லலமா. நானும் இதே வரிசைல நின்னவதான். என் பாப்பாவுக்கும் குடுத்தேன்."

அந்தப் பெண்ணின் முகம் உடனே மாறியது. கோபம் இருந்த இடத்தில் ஆவல் வந்து உட்கார்ந்தது. பையனைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, குரலைத் தணித்து, "அப்பிடியாக்கா? இப்ப பாப்பாவுக்கு எப்பிடி இருக்குது?" என்று கேட்டாள்.

அக்கா குந்தியிருந்த இடத்திலிருந்து அண்ணாந்து அவளைப் பார்த்தாள். நான் ஓடிப்போய்ப் பதில் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"அவ பம்ப்ப நிறுத்திட்டாம்மா" என்றாள் அக்கா.

அந்தப் பெண் மீன் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தோள்பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். துண்டு, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் தள்ளி அடியிலிருந்து பம்ப்பை எடுத்தாள். அதை மகனின் சட்டைப் பையில் வைத்து, உள்ளங்கையால் மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வரிசை நகர்ந்தபோதும் கையை எடுக்கவில்லை. அக்கா எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டாமலேயே, அடுத்த குழந்தையின் முன்னால் போய்க் குந்தினாள்.